வருஷம் திரும்பாதவர்கள்

மலை ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கூரை கிடையாது. ஒரு வேப்பமரம், நாலைந்து சூலம், எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு கல், அவ்வளவுதான். என் அண்ணன் தேவராஜ் எத்தனையோ வருஷமாக அங்கே வேனை நிறுத்துவார். முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றிக் காட்டுவார். பிறகு தட்டோடு கதவுப் பக்கம் வந்து நின்று, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக் கேட்பார்.

"வருசம் திரும்பாத வூட்டுக்காரங்க யாராச்சும் கீறீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டுக்காரர்கள் முதல் தெவசம் முடிகிறவரை மலை ஏறக் கூடாது. ஏறினால் ஏறினவருக்கும் ஆகாது, கூடப் போகிறவர்களுக்கும் ஆகாது என்பார்கள். அதைத்தான் அண்ணன் கேட்பார். பெரும்பாலும், "யாரும் இல்லப்பா, வண்டிய எடு" என்று பதில் வரும். எப்போதாவது ஒருவர் நெளிந்துகொண்டு கை தூக்குவார். அண்ணன் முகம் கோணாமல், "கோச்சிக்காதீங்க மாமா, நீங்க பஸ்ஸுல வந்துடுங்க" என்று சொல்லி இறக்கி விடுவார். அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த பஸ்ஸும் இதே மலையில்தானே ஏறுகிறது என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஒடுகத்தூரில் எங்கள் நைனா கடலை மில்லில் மூட்டை தூக்கினவர். அண்ணன் பத்தாவது தவறியதும் லாரிக்குப் போனார். அடுத்தவர் வண்டிகளை ஓட்டி ஓட்டி, கடைசியில் சொந்தமாக இந்த வெள்ளை வேனை வாங்கினார். கல்யாணம், காதுகுத்து, சாமை வாங்கப் போகிற வியாபாரிகள் என்று எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு பெண் வலியில் துடிக்கிறாள் என்று போன் வந்தால், சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவார். அந்த வாடகையைக் கேட்கவும் மாட்டார். வண்டியில் ஏறினவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே ஓட்டுவார். இத்தனை காலத்தில் அவர் வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. அதற்குக் காரணம் தன் கை என்று அவர் சொன்னதே இல்லை. "எல்லாம் முனீஸ்வரன்" என்பார். அந்தக் கேள்வியும் அதில் சேர்த்தி.

ஆனந்தி டீச்சரின் பிள்ளைகளை அவர் முதன்முதலில் ஏற்றிக்கொண்டு போன வருஷம்தான் அந்தக் கேள்வி அவரைத் தலைகுனிய வைத்தது.

ஆனந்தி டீச்சர் வேலூர்க்காரர். மகன் பிளஸ் ஒன் படிக்கும்போது அவர் கணவர் இறந்துபோனார். பையன் யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடந்திருக்கிறான். அவனைப் போலவே அப்பாவையோ அம்மாவையோ இழந்த நாலைந்து பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, எல்லோரையும் ஜவ்வாது மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் நாலு நாள் தங்க வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அது நடக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ, காலேஜ் முதல் வருஷம் என்று பிள்ளைகள் வருவார்கள். அருவிக்கு நடப்பார்கள், படகு விடுவார்கள், கூடிச் சமைப்பார்கள், ஆடுவார்கள், அழ வேண்டுமென்றால் அழுவார்கள்.

டீச்சர் வைத்திருக்கிற சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அப்பா எப்படிச் செத்தார், அம்மாவுக்கு என்ன ஆச்சு, எப்போது ஆச்சு, எதுவும் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் காது கொடுக்கலாம். இதை வண்டி ஓட்டுகிறவர், சமைக்கிறவர் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

அந்த வருஷம் வழக்கமாக வரும் வண்டிக்காரர் திருப்பதி சவாரிக்குப் போய்விட்டதால் அண்ணனுக்கு அழைப்பு வந்தது. சமைக்க ஆள் வேண்டும் என்றார்கள், அண்ணன் என்னைச் சொல்லிவிட்டார். டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்து சட்டத்தைச் சொன்னபோது அண்ணன், "நமக்கு இன்னாத்துக்கு மேடம் அதெல்லாம்? நான் ரோட்ட பாத்துக்கினு ஓட்டறவன்" என்றார். மனதாரச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

டீச்சர் மளிகைச் சாமான்களோடு ஜீப்பில் முன்னால் போய்விட்டார். வேனில் பெரியவர்கள் என்று அண்ணனும் நானும்தான். கண்ணமங்கலத்தில் ஒரு பெண் ஏறினாள். சரிதா என்று பெயர், பிளஸ் டூ பரீட்சை எழுதியிருந்தாள். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவள் அம்மா செவ்வந்தி தள்ளுவண்டியில் டிபன் கடை வைத்திருந்தார். தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்து மகளை ஏற்றி விட்டார். "பாத்து கூட்டினு போங்கண்ணா" என்று அண்ணனிடம் சொன்னார். "எம் பொண்ணு மாரிம்மா, கவலப்படாத" என்றார் அண்ணன்.

சரிதா எனக்குப் பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலூர் வருகிறவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலூரில் மற்றவர்கள் ஏறினார்கள். அதில் வெற்றிவேல் என்று ஒரு பையன், ஏற்கெனவே இரண்டு முறை வந்தவன், ஏறினதிலிருந்து வாயை மூடவில்லை.

"அண்ணா, இன்னாண்ணா பாட்டு இது? இந்த பாட்டுக்கு ஆடினவங்கள்லாம் இப்போ பென்சன் வாங்கினு கீறாங்க."

"டேய், இந்த பாட்டு போட்டா தான்டா வண்டி மலை ஏறும். ஒம் பாட்டு போட்டா ரிவர்சுல போவும்" என்றார் அண்ணன்.

வேன் முழுக்கச் சிரிப்பு. சரிதாவும் சிரித்தாள். ஆலங்காயம் தாண்டும்போது அவள் எழுந்து நின்று மற்றவர்களோடு கை தட்டிக்கொண்டிருந்தாள். பை எப்போதோ சீட்டுக்கு அடியில் போய்விட்டிருந்தது.

அடிவாரம் வந்தது. அண்ணன் வண்டியை நிறுத்தினார். பழம் வைத்தார், கற்பூரம் ஏற்றினார், சுற்றி வந்தார். கதவருகே நின்றார். கை எப்படித் தானாகக் கியர் போடுமோ, அப்படி அவர் வாயிலிருந்து அது வந்தது.

"வருசம் திரும்பாத வூட்டுக்காரங்க யாராச்சும் கீறீங்களா?"

வண்டிக்குள் சத்தம் நின்றது. பிறகு வெற்றிவேல்தான் சிரித்தான்.

"அண்ணா, இந்த வண்டில வந்து இத கேக்கறீங்களே! நாங்க எல்லாருமே அந்த கேஸு தாண்ணா."

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். "நானு", "நானும்", "எனக்கு டபுள்" என்று கைகள் மேலே போயின. சாவு வீட்டைச் சொல்லி இப்படிச் சிரிக்கிற பிள்ளைகளை நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணனும் அந்த நேரம் சிரித்துத் தலையில் அடித்துக்கொண்டு வண்டியில் ஏறியிருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். அவர் சிரிக்கவில்லை. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் பயம் வந்துவிட்டது.

"அதில்லப்பா. திரும்பினவங்கள கேக்கல. திரும்பாதவங்க. ஒரு வருசம் ஆவாதவங்க."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சிரிப்போடு சிரிப்பாகத் தூக்கின சரிதாவின் கை மட்டும் இறக்கவும் தெரியாமல் பாதியில் நின்றது.

"எத்தினி மாசம் ஆவுதும்மா?"

"அஞ்சு."

"அப்பாவா?"

அவள் தலையை ஆட்டினாள். கேட்கக் கூடாது என்று சொன்னதையெல்லாம் அண்ணன் ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிட்டார்.

"அண்ணா, வுடுங்கண்ணா. ஒண்ணும் ஆவாது" என்றான் வெற்றிவேல்.

"ஒனக்கு தெரியாது தம்பி. இத்தினி உயிரு வண்டில கீது. நான் தான் பதில் சொல்லணும். அந்த பொண்ணு பஸ்ஸுல வரட்டும். கொஞ்ச நேரத்துல பஸ்ஸு வந்துடும்."

"பஸ்ஸு மட்டும் இன்னா, மலைய சுத்திக்கினா வருது?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சரிதா குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து பையை எடுத்தாள். "பரவால்ல. நான் எறங்கிக்கறேன்" என்றாள். நடுவில் நின்றவர்கள் வழிவிட வேண்டியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவள் பின்னால் இறங்கினேன். "எந் தங்கச்சி செல்லி கூட இருப்பாம்மா, பயப்படாத" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏறிக்கொண்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வேன் வளைவில் திரும்புகிறவரை பின் கண்ணாடியில் பிள்ளைகளின் முகங்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

ரோட்டோரச் சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தோம். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. எட்டாவதோடு படிப்பை விட்டவள், நாலு பேர் கூடினால் வாய் கட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்தாள். பிறகு அவளாகப் பேசினாள்.

"எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல என்ன உள் ரூம்லயே உக்கார வெச்சிட்டாங்கக்கா. மணமேடை பக்கம் வராதன்னு அத்தை சொல்லிடுச்சி. பந்தி முடிஞ்சப்பறம் எல கொண்டாந்து குடுத்தாங்க. திருவிழாவுக்கும் போவல. எங்க போனாலும் மொதல்ல, 'ஒனக்கு எத்தினி மாசம்?'னு தான் கேக்கறாங்க. மாசமா இருக்கறவங்கள கேக்கற மாரி."

அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "இங்க மட்டும் யாரும் கேக்க மாட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அதுக்காகத்தான் அத்தகிட்ட சண்ட போட்டுக்கினு வந்தேன்" என்றாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "மலைக்கா? ஏறுங்க, ஏறுங்க" என்றார். அவள் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

"அக்கா, மேல போனா மெய்யாலுமே இன்னா ஆவும்?"

"தெரிலம்மா" என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

மேலே நடந்ததை வெற்றிவேல் பிறகுதான் எனக்குச் சொன்னான். தங்குகிற இடம் வந்ததும் பிள்ளைகள் ஒருவர்கூட வேனை விட்டு இறங்கவில்லையாம். டீச்சர் கதவருகே வந்து என்ன என்று கேட்டதும், "ஒரு ஆளு கீழ கீறாங்க டீச்சர். அவங்க வந்தா எறங்கறோம்" என்றிருக்கிறார்கள். டீச்சர் அண்ணன் பக்கம் திரும்பி, "வூட்ல கேட்டாங்கன்னு தானே இங்க வர்றாங்க. நீங்களும் கேட்டுட்டீங்களா?" என்றாராம். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார்.

வேன் டீச்சரோடு திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அண்ணன் இறங்கி வந்து எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வாம்மா, போலாம். நான் ஏதோ பழக்கத்துல கேட்டுட்டேன்."

"பழக்கத்துல கேட்டீங்க, சரி. எறக்கி வுட்டதும் பழக்கமாண்ணா?" என்றாள் சரிதா. குரலை உயர்த்தவில்லை.

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வற்புறுத்தவில்லை. "உனக்கு என்ன பண்ணணும்னு தோணுது?" என்று மட்டும் கேட்டார்.

"கோவம்லாம் இல்ல டீச்சர். எனக்கு வூட்டுக்குப் போவணும். இப்போ நான் மேல வந்தா எல்லாரும் என்ன பாவமா பாப்பாங்க. வண்டி கொஞ்சம் ஆட்டம் ஆடினா கூட எல்லாருக்கும் என் ஞாபகம் தான் வரும். எனக்கே வரும்."

அண்ணன் வேனில் கொண்டு விடுவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். அடுத்து கீழே இறங்கின பஸ்ஸில் நான் அவளோடு ஏறினேன். பஸ் மாறி மாறி, கண்ணமங்கலம் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் செவ்வந்தியோடு அந்த அத்தையும் நின்றுகொண்டிருந்தார். மகளைக் கண்டதும் செவ்வந்தி பதறிவிட்டார். "இன்னாடி, இன்னா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரிதா சொன்னாள், "வயித்து வலிம்மா. அடிவாரம் போனதும் புடிச்சிக்கிச்சி. அக்கா தான் கொண்டாந்து வுட்டாங்க."

"நான் அன்னிக்கே சொன்னன்ல" என்றார் அத்தை. "வருசம் திரும்பாம மலைக்கு போறன்னு குதிச்சா. சாமியே பாத்து திருப்பி வுட்டுடுச்சி."

சரிதா தலையைக் குனிந்துகொண்டு, வண்டிக்குப் பின்னால் போய் எச்சில் தட்டுகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அத்தை ஜெயித்துவிட்டார். சரிதா அதையும் தாங்கிக்கொண்டாள். வண்டிக்காரன் இறக்கிவிட்டான் என்று தன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். காலையில் அவ்வளவு நம்பிக்கையாக ஏற்றி அனுப்பின அம்மாவுக்கு.

மறுநாள் மலைக்குப் போனதும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவின வேன்தான். "வயித்து வலின்னு சொல்லிடுச்சா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மிச்ச நாட்கள் முழுக்க அவர் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவில்லை. வேனுக்குள் இருக்கிற கண்ணாடியை மேலே திருப்பி வைத்துக்கொண்டார், பின்னால் இருப்பவர்கள் தெரியாதபடி. பாட்டுப் போடவில்லை. பந்தியில் வந்து உட்காராமல் டிரைவர் சீட்டிலேயே இருந்தார். வெற்றிவேல் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டு போய் நீட்டினான்.

"சாப்புடுங்கண்ணா. நீங்க பட்டினியா வண்டி ஓட்டினா தான் எங்களுக்கு பயமா கீது."

அண்ணன் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அவர் அடிவாரத்தில் நிறுத்துவார், பழம் வைப்பார், கற்பூரம் காட்டுவார். கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். அது திருந்தியதாலா, வெட்கத்தாலா என்று எனக்குத் தெரியாது. யாராவது சும்மா கை தூக்கினால்கூடத் திடுக்கிடுவார்.

அந்தக் கார்த்திகையில் எங்கள் நைனா இறந்துபோனார். நெஞ்சு வலி என்றார், அண்ணன் சவாரியில் இருந்தார், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது அண்ணன். கருமாதியன்று தலையை மழித்தார்கள். வருஷக் கணக்கு இப்போது அவர் தலைமேலேயே வந்து உட்கார்ந்தது. நான் கட்டிக்கொடுத்த பெண், எனக்கு அந்தக் கணக்கு இல்லை என்பார்கள். அவர் பிள்ளை. ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது.

தையில் ஒரு கல்யாண சவாரி. ஆலங்காயத்திலிருந்து பெண் வீட்டாரை நெல்லிவாசல்நாட்டுக்கு ஏற்றிப் போக வேண்டும். நைனா இருக்கும்போதே ஒத்துக்கொண்டது, அவர் செத்தது அவர்களுக்குத் தெரியாது. மாற்று டிரைவருக்கு அண்ணன் எங்கெங்கோ போன் செய்தார். முகூர்த்த நாள், ஒருவரும் கிடைக்கவில்லை. போகாவிட்டால் கல்யாணம் நிற்கும். போனால் மொட்டைத் தலையைப் பார்த்து விஷயம் தெரிந்து துரத்துவார்கள். கடைசியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காதுவரை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பினார். தை மாதக் குளிர், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வாசலில் நின்ற சுந்தரம்மாள் அண்ணி பொறுக்க மாட்டாமல், "ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிக்கினு இருந்தவரு, இப்போ முக்காடு போட்டுக்கினு போறாரு பாரு" என்றார். அண்ணன் அண்ணிக்கு எப்போதும் வாய்க்கு வாய் பதில் கொடுப்பவர். அன்றைக்குத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

கல்யாணச் சமையலுக்குப் போகிற கூட்டத்தில் நானும் இருந்தேன். அடிவாரத்தில் வண்டி நின்றது. அண்ணன் இறங்கினார். கோயில் பக்கம் போகவில்லை, சாவு வீட்டுக்காரர் கற்பூரம் ஏற்றக் கூடாது. ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறிக்கொண்டார். முன் சீட்டில் இருந்த பெண்ணின் மாமா, பல தடவை இந்த வண்டியில் வந்தவர், சும்மா இருக்கவில்லை.

"இன்னா தேவராஜு, கற்பூரமும் காட்டல, கேக்கவும் இல்ல?"

"கேக்கறது இல்லீங்க மாமா இப்போல்லாம்."

"ஏன்?"

"கேட்டா தப்பா பூடுது."

மாமா சிரித்துவிட்டு வெற்றிலை மடித்தார். அண்ணனின் கழுத்தில் வேர்வை இறங்கியது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நடக்க வைத்தார். பின்னால் மணப்பெண், குழந்தைகள், சீர் வரிசை. எதிரில் ஒரு பைக் வந்ததற்குக்கூட ஓரம் கட்டி நிறுத்தினார். மேலே போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டினார்கள், விருந்து போட்டார்கள், ஆடினார்கள். துண்டை அவிழ்க்க வேண்டி வருமோ என்று அண்ணன் பந்திப் பக்கமே வரவில்லை. எல்லோரையும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

கடைசி ஆளையும் இறக்கின பிறகு வண்டியில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். துண்டை அவிழ்த்து மடியில் போட்டார். முள்ளு முள்ளாக முடி வளர்ந்திருந்தது.

"ஒண்ணும் ஆவல, செல்லி."

"ஆவல."

கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "வளைவுல போவும்போது ஒரு நெனப்பு வந்துச்சி. ஏதாச்சும் லேசா இடிச்சா கூட நல்லா இருக்கும்னு. அப்போ அந்த பொண்ண எறக்கி வுட்டது சரின்னு ஆயிருக்கும்ல. கல்யாணப் பொண்ண பின்னாடி வெச்சிக்கினு இப்டி நெனச்சேன்."

 

சித்திரை கடைசியில் டீச்சரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. அண்ணன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு நேராகக் கண்ணமங்கலம் போனார். தள்ளுவண்டியில் செவ்வந்தி இல்லை, சரிதாதான் நின்றிருந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"இன்னா வேணும்?"

அண்ணன் தோசைக்கல்லைப் பார்த்தார். "ரெண்டு தோச" என்றார்.

அவள் மாவை ஊற்றினாள். தோசை வேகிற நேரத்தில் அவர் பேசினார். "டீச்சர் இந்த வாட்டியும் கூட்டினு போறாங்கம்மா. நீயும் வரணும். ஒனக்கு இப்போ வருசமும் திரும்பிடுச்சி."

அப்படிச் சொன்னதுமே தப்பு என்று அவருக்கே தெரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதுக்காக சொல்லலம்மா. எங்க நைனா செத்து அஞ்சாறு மாசம் ஆவுது. நானே மலை ஏறினு தான் கீறேன். தலையில துண்ட போட்டுக்கினு கல்யாண வண்டியே ஓட்டினேன். ஒண்ணும் ஆவல."

சரிதா தோசையைத் திருப்பிப் போட்டாள். "உங்க நைனாவா? எப்போண்ணா?" என்று கேட்க வந்தவள்போல் நிமிர்ந்தாள். கேட்கவில்லை. டீச்சரின் அந்தச் சட்டம் அவளுக்கு ஞாபகம் இருந்தது என்று நினைக்கிறேன்.

"நீங்க ஏறுவீங்கண்ணா. ஸ்டேரிங் உங்க கையில தான கீது. உங்கள யாரு எறக்கி வுடறது?"

"மன்னிச்சிடும்மா."

அவள் இரண்டு தட்டில் தோசையைப் போட்டு, சட்னி ஊற்றி, எங்கள் முன்னால் வைத்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும். எனக்கு ஒண்ணும் மாறாதுண்ணா. அந்த நாலு நாளு அப்போ வேணும்னு இருந்துச்சி. இப்போ அவ்ளோவா வேணாம்." கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "எங்கம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு இன்னும் வயித்து வலின்னு தான் தெரியும்" என்றாள். "சாப்புடுங்க. ஆறுது."

அண்ணன் நின்றுகொண்டே அந்தத் தோசையைச் சாப்பிட்டார். ஒரு துணுக்குகூட மீதி வைக்கவில்லை. வேறு வாடிக்கைக்காரர் இரண்டு பேர் வந்தார்கள், அவள் அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வருஷமும் அவர்தான் வேனை ஓட்டினார். முன்கூட்டியே டீச்சரிடம் ஒரு காரியம் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் எல்லோரும் ஏறின பிறகு, வேலூரிலேயே, கதவருகே நின்று தன் வாயால் சொன்னார். "நான் போன வருசம் ஒரு பொண்ண மலை அடிவாரத்துல எறக்கி வுட்டவன். அது தப்பு. இந்த வண்டில வர்றதுக்கு புடிக்காதவங்க சொல்லுங்க, வேற வண்டி ஏற்பாடு பண்றேன்." பிள்ளைகளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருவரும் இறங்கவில்லை. அவர் முகம் அதனால் தெளிந்துவிடவும் இல்லை.

அடிவாரத்தில் அந்தப் பெண்ணை இறக்கி விட்டு மூன்று வருஷம் ஆகப்போகிறது. சரிதா இப்போது ஆரணியில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறாள். காலையில் அம்மாவுக்கு மாவு ஆட்டிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போய் வருகிறாள். டீச்சர் ஒவ்வொரு கோடைக்கும் அவளைக் கூப்பிடுகிறார். அவள் நன்றாகப் பேசிவிட்டு, வரவில்லை என்கிறாள். அண்ணன் ஒவ்வொரு கோடைக்கும் அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார். கண்ணமங்கலத்தில் யாரையாவது ஏற்ற வேண்டியிருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். தள்ளுவண்டி எதிரில்தான் இருக்கிறது. செவ்வந்தி அங்கிருந்து கையை ஆட்டுவார், இவரும் ஆட்டுவார். சரிதா இன்றுவரை மலைக்குப் போகவில்லை.